246க்குத் திறக்காத பூட்டு

ரவுண்ட் ராக்கில் ஞாயிறுகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் விடும் கொட்டாவியைப் பார்த்து அலுத்துப்போய், ‘எஸ்கேப் ரூம்’ விளையாட்டை வகுப்புக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

"நாங்கள் தப்பி ஓடினது காணாதோ?" என்றார் அம்மா.

2007இல் ஜப்பானின் கியோட்டோவில் தொடங்கிய விளையாட்டு. அறைக்குள் அடைபட்டு, புதிர்களை அவிழ்த்து வெளியே வரவேண்டும். எனக்குப் பூட்டிய அறை ஒத்துவராது. ஏனென்று உங்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. நல்லகாலம், 2015இல் அமெரிக்காவில் வந்த ‘பிரேக்அவுட் எடு’ அதைத் தலைகீழாக்கிவிட்டது: பூட்டு பெட்டிக்குத்தான், பிள்ளைகளுக்கில்லை.

நானும் ஒரு பழைய தகரப் பெட்டிக்கு மூன்றிலக்கப் பூட்டுப் போட்டேன். "தமிழ் எழுத்துகள் மொத்தம் எத்தனை?" நான் சொல்லிக்கொடுத்தால் ஐந்து நிமிடப் பாடம்; அன்று முக்கால் மணித்தியாலம் போனது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216. கூட்டி 246 என்று திருப்பினார்கள். திறக்கவில்லை. ஒரே சண்டை, அதுவும் ஆங்கிலத்தில். வருடம் முழுக்க வாயே திறக்காத சின்னவன் ஒருவன் கடைசி வாங்கிலிருந்து எழும்பி, "ஆய்த எழுத்தை எண்ணேல்லை" என்றான்.

247.

உள்ளே எள்ளுப்பாகு, ஆளுக்கொரு உருண்டை. அம்மா உருட்டித் தந்தது.