கோட்டையூர்: ஒரு லட்சம் ஏடுகள் இருந்த ஊர்

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை ஒட்டி அமைந்த, செட்டிநாட்டின் நகரத்தார் ஊர் கோட்டையூர். நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்தது. காரைக்குடி மாநகராட்சியானபோது அதனுடன் சேர்க்கப்பட்டது.

பர்மா, மலேயா, இலங்கைக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யச் சென்றவர்களின் பணத்தில் எழுந்தவை இவ்வூரின் பெரிய வீடுகள். தேக்குத் தூண்கள் நிற்கும் முகப்பு, வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றிப் புள்ளிக்கு (மணமான மகன் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும்) ஓர் அறை, பின்கட்டில் அடுப்படி என ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிபவை அவை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் வரும்படி ஒடுங்கியது, வீடுகள் பூட்டப்பட்டன. கல்விக்கு வாரிக் கொடுத்த வள்ளல் அழகப்பர், உலகம் சுற்றிய ஏ. கே. செட்டியார் ஆகிய இருவரும் பிறந்த ஊர் இது.

ஆயினும் தமிழ் ஆய்வாளர் நெஞ்சில் கோட்டையூர் நிற்பது ரோஜா முத்தையாவால். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர் 1950 வாக்கில் பழைய அச்சு நூல்களைத் தேடத் தொடங்கி, 1992இல் மறையும்வரை ஓயவில்லை. நூல்களும் இதழ்களுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் அவர் வீட்டில் சேர்ந்தன. இலக்கியம், சமயம், சித்த மருத்துவம் மட்டுமல்ல. நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், சமையல் நூல், திருமண அழைப்பிதழ் வரை எதையும் அவர் தள்ளவில்லை.

எதையும் தள்ளாத அந்தப் போக்கின் அருமை குஜிலிப் பாட்டுப் புத்தகங்களில் தெரியும். மட்டமான தாளில் சில பக்கங்கள். சந்தையிலும் ரயிலடியிலும் காலணா அரையணாவுக்கு விற்றவை. கொலை வழக்கு, வெள்ளம், பஞ்சம், ரயில் விபத்து என அன்றன்று நடந்தது அவற்றில் பாட்டாக இருக்கும். படித்தவர்கள் இவற்றை நூலாகவே மதிக்கவில்லை. பெரிய நூலகங்களும் பெரும்பாலும் ஒதுக்கின. பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடியும் அந்தத் தாள்களை ரோஜா முத்தையா ராமபாணப் பூச்சியிடமிருந்து காத்தார். தேடி வந்த ஆய்வாளர்களுக்கு அவற்றைத் திறந்தும் வைத்தார்.

அவர் மறைந்தபின் தொகுப்பு வாரிசுகளின் உடைமையானது. ஒரு குடும்பம் தன் செலவில் காப்பதற்கு அது மிகப் பெரிது. பிரித்து விற்றிருந்தால் நாலாபுறமும் சிதறியிருக்கும். சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏ. கே. ராமானுஜன் அதன் மதிப்பை அறிந்து அதைக் காக்க முன்நின்றவர். அவர் 1993இல் காலமானார். மறு ஆண்டு அப்பல்கலைக்கழகமே முழுத் தொகுப்பையும் விலைக்கு வாங்கியது. மூல நூல்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கும், நுண்படப் பிரதி அமெரிக்கா செல்லும் என்பது ஏற்பாடு. நூல்கள் சென்னை முகப்பேருக்கு வந்தன. மொழி அறக்கட்டளையின் பொறுப்பில் பட்டியலிடலும் நுண்படமெடுப்பும் நடந்தன. பின்னர் தனி அறக்கட்டளை அமைந்தது. இன்று தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதிய சேர்க்கைகளால் பன்மடங்கு பெருகியிருக்கிறது.

நூல்கள் பிழைத்தன, அதில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் வாங்கியது தமிழ்நாட்டின் கல்வி நிறுவனம் அல்ல என்பது உறுத்தலான உண்மை. அழகப்பர் பெயரிலான பல்கலைக்கழகம் 1985இலேயே பக்கத்து ஊரான காரைக்குடியில் தோன்றிவிட்டது. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தவர்களுக்குத் தெரிந்த அருமை அருகில் இருந்தவர்களுக்கு உறைக்காமல் போனது.

அதிலிருந்து பாடம் கற்றதாகவும் தெரியவில்லை. செட்டிநாட்டில் பங்காளிகள் கூடிப் பேசி வீட்டை இடிக்கும்போது நிலைக்கதவுக்கும் தூணுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் தனித்தனி விலை உண்டு. பீங்கான், எனாமல் சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகின்றன. பெட்டகத்தில் கிடக்கும் வரவுசெலவுப் பேரேடும், பர்மாக் கடிதமும், பழைய இதழ்க் கட்டும் எடைக்குப் போகின்றன. சுற்றுலாப் பயணிக்குக் காட்டப்படுவது வீட்டின் முகப்பும் விருந்தும்தான். பழந்தாள்களை ஒப்படைக்க ஊரிலேயே ஓர் அறை, பட்டியலிட ஓர் ஆள், படியெடுக்க ஒரு கருவி. இவ்வளவையும் மாநகராட்சியோ அரசோ நினைத்தால் உடனே செய்யலாம். எடைக்குப் போன தாளை எந்தப் பல்கலைக்கழகமும் மீட்டு வாங்க முடியாது.