சீட்டாட்டத் தளங்களை எடைபோடுதல்

பத்திரிகை அலுவலகத்தில் பக்கங்களை வடிவமைத்துப் பழகியவனுக்கு எந்தத் திரையைக் கண்டாலும் ஒரு கேள்வி தானாகவே எழுந்துவிடும்: இந்தப் பக்கம் யாருக்காக அமைக்கப்பட்டிருக்கின்றது? வாசகனுக்காகவா, விளம்பரதாரருக்காகவா, அல்லது உரிமையாளருக்காகவா? போக்கர் என்னும் சீட்டாட்டத்தை இணையத்தில் நடத்தும் தளங்களைப் பார்க்கும்போதும் அக்கேள்வியே எழுகின்றது. பணம் வைத்து ஆடும் பழக்கம் எனக்கில்லை. ஆயினும், எமது இளைஞர்கள் பலர் கைத்தொலைபேசியில் இவற்றை மேய்வதால், இவற்றின் நன்மை தீமைகளைப் பேசாமல் விடுவது நியாயமன்று.

உண்மைப் பணத்துக்கு இணையத்தில் போக்கர் ஆடும் வழக்கம், 1998 இல் ‘பிளனட் போக்கர்’ என்ற தளத்துடன் தொடங்கியது. 2003 இல் அமெரிக்கக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், ‘போக்கர்ஸ்டார்ஸ்’ தளத்தில் நூறு டொலருக்கும் குறைந்த கட்டணத்தில் ஆடிய போட்டியொன்றின் மூலம், 10,000 டொலர் நுழைவுக் கட்டணமுள்ள உலகப் போட்டியில் இடம்பிடித்து, 25 இலட்சம் டொலரை வென்றார். அதன்பின் இத்தளங்களில் கூட்டம் அலைமோதியது.

முதலில் தோற்றத்தைப் பார்ப்போம். நல்ல தளத்தின் மேசை எளிமையானது. பச்சைப் பரப்பு, சுற்றிலும் ஆட்டக்காரர்களின் பெயர்கள், நடுவில் பொதுச் சீட்டுகள், சேர்ந்துள்ள பந்தயத் தொகை ஆகியவை ஒரே பார்வையில் தெரியவேண்டும். வழமையான சீட்டுக்கட்டில் கறுப்பு, சிவப்பு என்று இரு நிறங்களே உண்டு. சிறிய திரையில் இது கண்ணை ஏமாற்றும். ஆகவே நான்கு இனங்களுக்கும் கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை என நான்கு நிறங்களைத் தெரிவுசெய்யும் வசதியைப் பல தளங்கள் வழங்கின. அலங்காரத்தைவிட இத்தகைய சிறு உதவியே வடிவமைப்பின் உயிர்.

இதே வடிவமைப்புக்கு மறுபக்கமும் உண்டு. பணத்தை வைப்பிடும் பொத்தான் பெரிதாக ஒளிர, மீளப்பெறும் வழி பல படிகளுக்குள் மறைந்திருந்தால், அப்பக்கம் யாருக்காக அமைக்கப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆட்டத்தின் பந்தயத் தொகையிலிருந்தும் தளம் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கின்றது. யார் வென்றாலும் அதற்கு வருமானம் உண்டு. ஆட்டம் எவ்வளவு விரைவாக நடக்கின்றதோ அவ்வளவுக்கு அவ்வருமானம் பெருகும். வேகத்தை ஆட்டக்காரனுக்கான வசதி என்று மட்டும் கருதிவிடக் கூடாது.

எங்கள் ஊர்த் திண்ணைகளில் 304 ஆடும்போது கட்டைக் கலைப்பவரின் கைகளை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இணையத்தில் அக்கை கண்ணுக்குத் தெரியாது. 52 சீட்டுகளை ஒழுங்குபடுத்தக்கூடிய வழிகளின் எண்ணிக்கையை எழுதினால் அது 68 இலக்கங்கள் கொண்ட எண்ணாக இருக்கும். 1999 இல், பிளனட் போக்கர் உள்ளிட்ட தளங்கள் பயன்படுத்திய மென்பொருளை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியியலாளர்கள், அதன் கலைக்கும் முறை கணினியின் கடிகாரத்தையே நம்பியிருந்ததைக் கண்டுபிடித்தனர். நேரத்தை ஒத்துப்பார்த்தால் சாத்தியமான கட்டுகள் ஏறத்தாழ இரண்டு இலட்சமாகச் சுருங்கிவிடும். தன் சீட்டுகளையும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளையும் கொண்டு மற்றவர்களின் கைகளை அறிந்துவிடலாம். தமது நேர்மையைக் காட்டுவதற்காக அந்த முறையைப் பகிரங்கமாக வெளியிட்டவர்கள் மென்பொருளை ஆக்கியவர்களே. வெளியிட்டதனால்தான் பிழை வெளிப்பட்டது, திருத்தவும் முடிந்தது. ஒளிவுமறைவின்மைக்கு அது நல்ல சான்று.

2007 இல் ‘அப்சலூட் போக்கர்’ தளத்தில் வேறொரு களவு அம்பலமானது. ஒரு கணக்கு எதிராளிகளின் மூடிய சீட்டுகளைப் பார்த்தபடி ஆடிக்கொண்டிருந்தது. சந்தேகங்கொண்ட ஆட்டக்காரர்கள், நிறுவனத்திடமிருந்து கிடைத்த ஆட்டப் பதிவுக் கோப்பை வரிவரியாக ஆராய்ந்து உண்மையைக் கண்டனர். ஆரம்பத்தில் மறுத்த நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. ஆவணங்களை வைத்துக்கொண்டு பொறுமையாக உண்மையைத் தேடிய அந்த ஆட்டக்காரர்கள் செய்தது நல்லதொரு செய்தியாளனின் பணி.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் ‘ஃபுல் டில்ட்’ தளத்தினுடையது. அதன் அழகையும், மனநிலைக்கேற்ப முகபாவம் மாறும் அதன் உருவப்படங்களையும் ஆட்டக்காரர்கள் புகழ்ந்தார்கள். 2011 ஏப்ரில் 15 ஆம் திகதி அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. அவற்றுள் இதுவும் ஒன்று. அவ்வாண்டு செப்டெம்பரில் அரச வழக்குத்தொடுநர்கள் வெளியிட்ட தகவலின்படி, மார்ச் மாத இறுதியில் அது ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கவேண்டியிருந்த தொகை ஏறத்தாழ 390 மில்லியன் டொலர். வங்கியில் இருந்ததோ 60 மில்லியன் மாத்திரமே. திரையில் ஒவ்வொருவருக்கும் காட்டப்பட்ட மீதி வெறும் இலக்கமாகிப்போனது. 2012 இல் போக்கர்ஸ்டார்ஸ் அதன் சொத்துகளைப் பொறுப்பேற்றது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014 இல்தான். மூன்று ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு அழகிய உருவப்படங்களால் என்ன பயன்?

இத்தளங்களை மதிப்பிட்டு எழுதும் பக்கங்களையும் எச்சரிக்கையோடு வாசிக்கவேண்டும். அவற்றுட் பல, தாம் அனுப்பிவைக்கும் ஆட்டக்காரர்களுக்காகத் தளங்களிடமிருந்து தரகு பெறுகின்றன. விளம்பரத்தைச் செய்தியென்று அச்சிடுவது பத்திரிகையில் குற்றமாயின் இங்கும் அது குற்றமே.

எனது அளவுகோல் இதுதான். தளத்துக்கு உரிமம் வழங்கியவர் யார், முறைப்பாட்டை யாரிடம் கொண்டுசெல்வது என்பன முதற்பக்கத்திலேயே தெரிகின்றனவா? ஆட்டக்காரரின் பணம் நிறுவனத்தின் பணத்தினின்றும் பிரித்து வைக்கப்படுகின்றதா? ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தின் பதிவையும் அவர் எடுத்துப் பார்க்க முடிகின்றதா? இவ்வளவுக்குமேல் பணம் போடமாட்டேன், இனி ஆடமாட்டேன் என்று அவர் தம்மைத் தாமே தடுத்துக்கொள்ளும் வசதி கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றதா? இந்நான்குக்கும் ஆம் என்று சொல்ல முடியாத தளம், எவ்வளவு அழகாய் இருப்பினும் பயனற்றது. ஆம் என்று சொல்லக்கூடிய தளத்திலும் பெரும்பாலோர் தோற்கவே செய்வர். ஒருவர் வெல்வது மற்றவர் இழந்ததைத்தான், அதிலும் ஒரு பங்கு தளத்துக்குப் போய்விடுகின்றது. நேர்மையான தளம் செய்யக்கூடியது, அந்தக் கணக்கை ஆட்டக்காரன் மேசையில் அமருமுன் அவனுக்குத் தெளிவாகக் காட்டுவதே.