டவ்டன் மாளிகையில் ஒரு காலைப்பொழுது

கும்பகோணத்தில் உழவன் ரயிலேறினால் விடிகாலையில் எழும்பூர். அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் பெண்கள் கிறிஸ்துவக் கல்லூரி. என் பெண்ணைச் சேர்க்குமுன் இடத்தைப் பார்த்துவிடலாமென்று போனோம்.

அவளுக்கு ஸைக்காலஜி படிக்க வேண்டுமாம். என் நாத்தனார் பிரசவத்துக்குப் பிறகு பெற்ற குழந்தையைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குணசீலம் போனோம், வேண்டிக்கொண்டோம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருநாள் ஓர் அம்மாள் எதிரே உட்கார்ந்து பேசிப் பேசியே அவள் வாயைத் திறக்க வைத்தார். கூடத் துணைக்குப் போனவள் என் பெண். “அந்த அம்மா மாதிரி ஆகணும்” என்று அன்றைக்குப் பிடித்தாள்.

“பைத்தியத்துக்குப் படிப்பா? எவன் கட்டிக்குவான்?” என்பது என் மாமியார் கட்சி. அஞ்சல் வழியில் வீட்டிலிருந்தே படிக்கட்டுமே என்று பார்த்தால், ஸைக்காலஜிக்கு அந்த வழியை 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. நல்லதுதான்; மனசைத் தபாலிலா படிப்பது?

கேட்டைத் தாண்டியதும் பஸ் சத்தம் பாதியாகிவிடுகிறது. எங்கும் மரம். பக்கத்திலேயே கூவம், அதன் வாசனையைப் பற்றி நான் சொல்லவேண்டாம். நடுவே பெரிய தூண்களோடு டவ்டன் மாளிகை. 1915-ல் 41 மாணவிகளோடு வேறிடத்தில் ஆரம்பித்து, மறுவருஷமே இங்கு வந்த கல்லூரி இது. அதற்கு முன், 1875-ல் பட்டம் பறிபோன பரோடா மகாராஜா மல்ஹர் ராவை இந்த வீட்டில்தான் வைத்திருந்தார்களாம். பாவம், அந்த மனுஷனுக்கு எதிரே உட்கார்ந்து பேச யார் இருந்தார்களோ!

ஓர் ஆசிரியை பொறுமையாக விளக்கினார். பட்டம் மூன்று வருஷம், மேற்பட்டம் இரண்டு. கிளினிகல் ஸைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள அதற்கு மேலும் மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் பயிற்சி, பிறகு பதிவு. மருந்தெழுதுவது இவர்கள் வேலையல்ல, அது எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்த மனநல டாக்டருடையது. சில வாரப் பயிற்சியில் சர்டிபிகேட் வாங்கி போர்டு மாட்டுகிறவர்களும் உண்டு. சகோதரிகள் யாரிடமாவது போவதானால் படிப்பையும் பதிவையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

விரல் மடக்கி எண்ணினேன். முடிக்கையில் இவளுக்கு இருபத்தைந்தாகிவிடும். “அப்பா ஒத்துக்குவாராம்மா?” என்றாள் மரத்தடியில்.

போனில் அவர் ஃபீஸை மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமலிருந்தார். சற்று நேரத்தில் நாத்தனாரே கூப்பிட்டாள். “அண்ணி, முதல் வருஷ ஹாஸ்டல் பணம் என்னோடது. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்.”