யோர்க் மண்டபத்தில் ஒரு மற்போர் மாலை

சென்ற ஆண்டு கல்லூரி விடுமுறையின்போது, இலண்டன் மாநகரின் ஈஸ்ட்ஹாம் பகுதியில் வாழும் எம் தமக்கையார் இல்லத்திற் சில வாரம் தங்கியிருந்தோம். அருங்காட்சியகங்களையும் அரண்மனைகளையும் பார்த்து முடித்திருந்த வேளையில், எதிர்பாராத பணியொன்று எம் தலைமேல் வந்து விழுந்தது. தமக்கையாரின் மகளுக்குப் பதினாறு வயது, படிப்பிற் கெட்டிக்காரி. மற்போர்ப் பயிற்சிப் பள்ளியொன்றிற் சேரப்போவதாக அவள் ஒருநாள் இராவுணவின்போது அறிவித்தாள். ஒலிம்பிக் பந்தயத்திற் காணும் மற்போரன்று. சீட்டு விற்று, விளக்கேற்றி, மேடையிலே ஆடப்பெறும் தொழின்முறை மற்போர். தந்தையார் ஒன்றும் பேசாது எழுந்து போனார். தாயார் எம்மை நோக்கினார்.

“தம்பி, நீ படிப்பிக்கிறவன். ஒருக்கால் இவளோட போய்ப் பார்த்து வந்து, விடலாமோ விடக்கூடாதோ எண்டு சொல்லு” என்றார்.

இவ்வாறாக, ஒரு ஞாயிறு மாலை மருமகள் வழிகாட்ட நாம் புறப்பட்டோம். ஈஸ்ட்ஹாமிற் புகையிரதமேறி, மைல் எண்டில் இறங்கி, எதிர்த் தளத்திற் காத்திருந்த வண்டிக்கு மாறினால் அடுத்த நிலையமே பெத்னல் கிறீன். படியேறி வெளியே வந்ததும் ஒரு நினைவுச் சின்னம் கண்ணிற் படுகின்றது: தலைகீழாகத் தொங்கும் படிக்கட்டைப்போன்ற அமைப்பு. 1943 மார்ச் 3 ஆம் நாள் இரவு, விமானத் தாக்குதல் எச்சரிக்கை கேட்டு இந்நிலையத்துட் புகுந்த மக்கள் இருண்ட படிகளிலே ஒருவர்மேல் ஒருவராக வீழ்ந்து 173 பேர் மாண்டனர். அன்றிரவு அவ்விடத்திற் குண்டு எதுவும் விழவில்லை; வீழ்ச்சி ஒன்றே கொன்றது. அம்மாலை முழுவதும் வீழ்ச்சியைப் பற்றியே சிந்திக்கப் போகின்றோம் என்பதை அப்போது நாம் அறிந்திலோம்.

சிறுவர் அருங்காட்சியகத்தைக் கடந்து ஓல்ட் ஃபோர்ட் வீதியில் திரும்பினால் யோர்க் மண்டபம் தோன்றும். 1929 இல் யோர்க் கோமகனும் கோமகளும் திறந்துவைத்தமையால் அதற்கு அப்பெயர். அக்கோமகனே பின்னர் ஆறாம் ஜோர்ஜ் மன்னரானார். வீட்டிலே குளியலறை இல்லாத ஏழைத் தொழிலாளர் குளிப்பதற்கென அமைந்த பொதுக் குளிப்பகம் இது. நீச்சற்குளமும் நீராவிக் குளியலும் ஒருபுறமிருக்க, ஏறத்தாழ 1,200 பேர் அமரத்தக்க மண்டபம் குத்துச்சண்டைக்குப் பெயர்பெற்றது. மாடி முகப்பு மூன்று பக்கமும் சூழ்ந்து நிற்பதால், எங்கே அமர்ந்தாலும் மேடை கைக்கெட்டும் தொலைவிலுள்ளதுபோலத் தோன்றும்.

பிரித்தானியாவில் இக்கலையின் வரலாற்றையும் சிறிது கூறல் வேண்டும். 1955 முதல் 1988 வரை ஐ.ரி.வி. தொலைக்காட்சியில் மற்போர் ஒளிபரப்பாயிற்று. சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணியானால், பாட்டி முதல் பேரன் வரை மிக் மக்மனஸையும் பிக் டாடியையும் பார்க்கக் கூடிவிடுவர். தொலைக்காட்சி கைவிட்டபின் கலை நலிந்தது. 2010 ஐ அடுத்த ஆண்டுகளிற் சிறு குழுக்கள் பல, அமெரிக்கப் பெருநிறுவனத்தின் தயவின்றித் தாமே மண்டபம் பிடித்து, தாமே சீட்டு விற்று அதற்கு மறுவாழ்வளித்தன. இவற்றையே சுயேச்சைக் குழுக்கள் என்பர். நாம் கண்டதும் அத்தகையதொரு குழுவின் காட்சியே. மல்லர்களின் மேடைப் பெயர்கள் நம் வாசகர்க்குப் பயன்படா. ஆதலின் ஆட்டங்களை மட்டும் மதிப்பிடுவோம். ஆசிரியத் தொழிலர் புள்ளியிடாது இருத்தல் இயலுமோ!

முதற் போட்டி இளைஞர் இருவருக்கிடையே. மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவதும், முறுக்குண்டவன் கரணமிட்டு அம்முறுக்கை அவிழ்ப்பதும், அவிழ்த்த கையோடு மற்றவனை மடக்குவதுமாக, பழைய ஆங்கிலேயப் பாணி. நன்கு பாடமாக்கிய மாணவர் ஒப்புவிப்பது போலிருந்தது. பிழையில்லை, உயிர்ப்புக் குறைவு. அறுபத்தைந்து புள்ளி.

இரண்டாவதிற் கொடியவனாகத் தோன்றியவர் நாற்பதைக் கடந்த பருத்த மனிதர். அவர் செய்தது மிகச் சொற்பம். கைகுலுக்க நீட்டிய கையைத் தட்டிவிட்டார். முன்வரிசை மூதாட்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். நடுவர் திரும்பிய வேளை எதிரியின் கண்ணிற் குத்தினார். அவர் ஒரு விரலை உயர்த்தினாற் போதும், மண்டபம் முழுவதும் கூவிற்று. நாற்பது மாணவரை நாற்பது நிமிடம் ஒரு கருத்தில் நிறுத்துவதற்கே திணறும் நாம், ஆயிரம் பேரை ஒரு விரலால் ஆட்டுவித்த அவருக்கு எழுபத்தைந்து புள்ளி வழங்கினோம்.

மூன்றாவது, இருவர் இருவராக நால்வர் பொருத போட்டி. கயிற்றின் உச்சியினின்று பாய்ந்தனர். மேடைக்கு வெளியேயும் பாய்ந்தனர். பிடரி நிலத்திற் படுமாறு ஒருவரையொருவர் எறிந்தனர். இளைஞர் கூட்டம் எழுந்து நின்று தாளமிட்டது. எமக்கோ அச்சமே மிஞ்சியது. ஒவ்வொரு வரியின்கீழும் கோடிட்டு எழுதிய கட்டுரையில் எவ்வரி முக்கியமானது? ஒரு வீழ்ச்சியின் துயரை உணருமுன் அடுத்த வீழ்ச்சி வந்துவிடுகின்றது. நாற்பத்தைந்துக்கு மேல் இடுவதற்கு மனம் வரவில்லை.

இடைவேளையில் மருமகள் கேட்டாள்: “மாமா, இதெல்லாம் பொய் எண்டுதானே நினைக்கிறீங்கள்?”

மெய்யான மற்போரையும் இந்நகர் கண்டதுண்டு. 1910 செப்டெம்பரில், இந்திய மல்லர் காமா இங்கே போலந்து நாட்டுச் சிபிஸ்கோவை எதிர்த்தார். சிபிஸ்கோ குப்புறப் படுத்துக்கொண்டு எழ மறுக்க, இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக ஒருவரும் வெல்லாமலே போட்டி முடிந்தது. மறுவாரம் சிபிஸ்கோ வராமையால் வெற்றிக் கச்சை காமாவுக்குக் கிடைத்தது. மெய்ப்போர் பெரும்பாலும் அவ்வாறே. பொருதுவோர்க்கு அது உயிர்ப் போராட்டம், காண்போர்க்கோ நெடுநேரக் காத்திருப்பு. ஆகவேதான் முடிவை முன்னரே வகுத்துக்கொண்டு ஆடும் முறை தோன்றிற்று. ரோலண்ட் பார்த் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1957 இல் வெளியிட்ட ‘மித்தொலஜீஸ்’ நூலின் முதற் கட்டுரையே இதைப் பற்றியதுதான். அவர் இதை விளையாட்டாகக் கொள்ளாது காட்சியாகவே கொண்டார்.

நமக்கு இது புதிதன்று. நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாகச் சுடலையில் நின்று பாடியபோது, மகன் உயிர்பெறுவான் என்பதை அறியாதவர் எவரேனும் கூட்டத்தில் இருந்தனரோ? இருந்தும் அழுதனர். கூத்திற்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றே. அரிச்சந்திரனின் வாள் மரத்தாலானது. இம்மேடையின் பலகையோ மெய்ப் பலகை. முடிவு வகுக்கப்பட்டது; வீழ்ச்சி மெய்யானது.

நான்காவது போட்டி பெண்களுக்குரியது. நெட்டையான ஒருத்தி கொடியவள். குட்டையான ஒருத்தி நல்லவள். பத்து நிமிடம் அருமையாக நடந்தது. மூன்றாம் போட்டியார் இருபது பாய்ச்சலிற் செய்யாததை, நல்லவளின் இடது தோளொன்றையே குறிவைத்து அவர்கள் செய்துகாட்டினர். தோள் நோவுகின்றது என்பதை அவள் ஒருகணமும் மறக்கவில்லை, நாமும் மறக்கவில்லை.

பின்னர் அது நிகழ்ந்தது. நெட்டையானவள் மற்றவளைத் தலைக்குமேலே தூக்கி எறிந்தபோது, விழுந்தவள் முதுகு பரவ விழாமல், கழுத்தோரம் மடிந்து விழுந்தாள். கூச்சல் அடங்கிற்று. மருமகள் எம் கையைப் பற்றினாள். “நடுவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காய்ப் பிடிச்சால், மெய்யான காயம் எண்டு அர்த்தம்” என்று மெல்லச் சொன்னாள். நடுவரின் கைகளையே பார்த்திருந்தோம். கொடியவள் சீறிக்கொண்டு பாய்ந்து, விழுந்தவளின் கூந்தலைப் பற்றினாள். மூன்றாம் வரிசையிலிருந்த நாம் அப்போதுதான் கண்டோம்: ஒரு கை கூந்தலைப் பற்ற, மறுகை தாழ்ந்து, விழுந்தவளின் விரல்களை மெல்ல அழுத்திற்று. ஒரு கணம் மறுமொழியில்லை. பின்னர் அவ்விரல்கள் திருப்பி அழுத்தின.

“சுகமோ எண்டு கேட்டவ. ஓம் எண்டு சொல்லிப்போட்டா” என்றாள் மருமகள், மூச்சுவிட்டு. நடுவரின் கைகள் உயரவில்லை. கொடியவள் உறுமினாள், கூட்டமும் உறுமிற்று, ஆனால் அடுத்த எறிதல் முன்னையதினும் மென்மையாக இருந்ததை நாம் கவனித்தோம். சற்று நேரத்தில் நல்லவள் வென்றாள். தொண்ணூறு புள்ளி, அதில் இருபது அந்த இரு விரல்களுக்கு.

இறுதியாகச் சாம்பியன் பட்டப் போட்டி. நடுவர் மூன்று எண்ணுமுன் தோள் உயர்வது முதல்முறை சிலிர்க்க வைத்தது. ஏழாம் முறை கடிகாரத்தைப் பார்க்க வைத்தது. திறமையுண்டு, அளவறியும் தன்மை இல்லை. அறுபது.

காட்சி முடிந்ததும், இளைஞர் சிலர் கதிரைகளை அடுக்கத் தொடங்கினர். மேடையோரம் சென்று விரிப்பைக் கையாற் தட்டிப் பார்த்தோம். மெல்லிய மெத்தை, அதன்கீழ்ப் பலகை, ஓசை நெஞ்சிற் பட்டது. வாயிலருகே, மூக்கைச் சுளித்த கொடியவர் மேசை போட்டுச் சட்டை விற்றுக்கொண்டிருந்தார். அதே மூதாட்டிக்குப் பணிவோடு கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் மருமகள் பேசிக்கொண்டே வந்தாள், நாம் பேசவில்லை. 1987 ஆகஸ்டில் கிரேற் யார்மத் நகரிலே பிக் டாடியுடன் பொருத மல்கம் கேர்க் என்பவர் மேடையில் வீழ்ந்து உயிர்துறந்தார்; அவருக்குக் கடும் இதயநோய் இருந்தமை பின்னரே தெரியவந்தது. 2020 ஜூனில் வெளியான செய்திகளோ வேறு வகையின. பயிற்றுநரும் மூத்த மல்லரும் தம்மை இழிவாக நடத்தியதாக இளம் பெண்கள் பலர் ஒருவர்பின் ஒருவராக வெளிப்படையாகக் கூறினர். 2021 இற் பாராளுமன்ற உறுப்பினர் குழுவொன்று இத்துறையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. காட்சியை நாடகமாகவும், பயிற்சிப் பள்ளியை விளையாட்டுக் கழகமாகவும் கருதி, பிள்ளைகளின் பாதுகாப்பை உறுதிசெய்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. பொருதும் எதிரியை நம்பலாம். அவள் விரலை அழுத்திக் கேட்பாள். கேளாதவர் மேடைக்கு வெளியே இருத்தல் கூடும்.

வீட்டிலே தமக்கையார் தேநீரோடு காத்திருந்தார். தந்தையாரும் இம்முறை எழுந்து போகவில்லை.

“விடுங்கள் அக்கா. ஆனால் மற்போரைப் பார்த்து விடவேண்டாம், வாத்தியாரைப் பார்த்து விடுங்கள்” என்றோம். முதல் வகுப்பு முழுவதும் தாயார் உடனிருத்தல் வேண்டும். விழுவதற்கு மட்டும் எத்தனை வாரம் கற்பிப்பர் என்று கேட்டல் வேண்டும். முதலுதவி அறிந்தவர் யார் என்று கேட்டல் வேண்டும். பெற்றோர் பார்க்கலாகாது என்று கதவைச் சாத்தினால் அங்கிருந்தே திரும்பிவிடல் வேண்டும். இவையே நாம் இட்ட நிபந்தனைகள். சொல்லும்போதே ஓர் எண்ணம் உறுத்திற்று: எம் வகுப்பறையைக் குறித்து எந்தத் தாயாவது இவற்றை எம்மிடம் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் நாம் முகம் கோணாது விடை கூறியிருப்போமா?

நாம் ஊர் திரும்பி இரண்டு மாதத்தின்பின் தமக்கையார் தொலைபேசியிற் பேசினார். முதலிற் சென்ற பள்ளியிற் கதவைச் சாத்தினார்களாம், திரும்பிவிட்டாராம். இரண்டாவதில் ஒரு கதிரை கொடுத்து இருத்தினார்களாம். முதல் மாதம் முழுவதும் நாடியை நெஞ்சோடு அணைத்து, கைகளை விரித்து, முதுகு பரவ விழுவதை மட்டுமே கற்பித்தார்களாம்.

“இப்ப வடிவாய் விழுறாள், தம்பி” என்றார் தமக்கையார்.