கோப்பு எங்கே நிற்கிறது?

கதிர்காமத்தில் ஒருவருடைய மனையை அரசு எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் நீதிமன்றத்தில் தோற்றால் அடுத்து எங்கே போவார்? சென்னைக்குத்தான். 1962 முதல் புதுச்சேரிக்கும் சென்னை உயர்நீதிமன்றம்தான். பஸ் ஏறிப் போகிறவருக்கு, அங்கே நீதிபதியாக உட்காருபவரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி தேவையா? எதிர்த்தரப்பு அரசு என்றால், ரொம்பவே தேவை. ஒரு கம்பெனியின் தணிக்கையாளரை அதன் மேனேஜரே தனியாக நியமித்தால் கணக்கை யார் நம்புவார்கள்?

அரசியல் சட்டத்தின் 217-வது பிரிவு, நீதிபதிகளைக் "கலந்தாலோசித்து" நியமிக்க வேண்டும் என்கிறது. இத்தனை வருடச் சண்டையும் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்!

முன்பெல்லாம் அரசியல் வெளிப்படையாகவே நடந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-இல், 16 உயர்நீதிமன்ற நீதிபதிகளை வேறு மாநிலங்களுக்கு மாற்றினார்கள். 1981-இல் சென்னைத் தலைமை நீதிபதி மு.மு. இஸ்மாயிலைக் கேரளாவுக்கு மாற்றினார்கள். கம்பனில் தோய்ந்த அந்த மனிதர் கேரளா போகவில்லை, பதவி விலகினார். அதே வருடக் கடைசியில் எஸ்.பி. குப்தா வழக்கில் உச்சநீதிமன்றம், கடைசி வார்த்தை அரசுடையது என்று சொல்லிவிட்டது.

1993-இல் எல்லாம் தலைகீழ். நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் வந்தது. 2014-இல் நாடாளுமன்றம் அதற்குப் பதில் ஓர் ஆணையத்தைக் கொண்டுவந்தது. 2015-இல் உச்சநீதிமன்றம் 4-1 என்று அதை ரத்து செய்தது. மூடிய அறையில் நடக்கும் தேர்வு வெளியே யாருக்கும் தெரிவதில்லை என்று மாறுபட்டு எழுதியவர் நீதிபதி செலமேஸ்வர்.

அப்படியானால் அரசியல் ஒழிந்ததா? இல்லை. சத்தம் போடுவதை விட்டுவிட்டு மௌனமாகிவிட்டது, அவ்வளவுதான்.

வழக்கறிஞர் ஜான் சத்யன் பெயரை 2022-இல் கொலீஜியம் சென்னைக்குப் பரிந்துரைத்தது. பிரதமரை விமர்சித்த கட்டுரையை அவர் பகிர்ந்தார் என்றது உளவுத்துறை அறிக்கை. அது தகுதிக் குறைவல்ல என்று 2023 ஜனவரி 17-இல் கொலீஜியம் மீண்டும் பரிந்துரைத்தது. அதே நாளில் விக்டோரியா கௌரியின் பெயரும் பரிந்துரையானது. அவருடைய பாஜக தொடர்பையும் பேச்சுகளையும் சொல்லி வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். உச்சநீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. பிப்ரவரி 7-இல் அவர் பதவியேற்றார். சத்யன் விஷயத்திலோ, முன்னால் பரிந்துரைத்தவரை விட்டுவிட்டால் பணிமூப்பு குலையும் என்று மார்ச்சில் கொலீஜியமே கவலை தெரிவிக்க வேண்டியிருந்தது.

மறுக்க அதிகாரம் இல்லாதபோது, கோப்பை நிறுத்தி வைப்பதே மறுப்பாகிவிடுகிறது. இஸ்மாயிலுக்காவது கையில் ஓர் உத்தரவு இருந்தது, எதிர்த்து விலக முடிந்தது. வராத உத்தரவை எதிர்த்து யார் விலகுவது?

மீண்டும் பரிந்துரைத்தால் 3 முதல் 4 வாரங்களுக்குள் நியமிக்க வேண்டும் என்று 2021-இலேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கெடுவைச் சட்டமாக்கலாம். நியமிக்காவிட்டால் காரணத்தை எழுத்தில் வெளியிட வைக்கலாம். கொலீஜியமும் ஏன் ஒருவரை எடுத்தோம், ஏன் விட்டோம் என்று எழுதட்டும். மனையைப் பறிகொடுத்தவர் தன் நீதிபதியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அவர் எப்படி வந்தார் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?