பதுங்கிப் பாய்தல்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஓவர். அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. வழக்கமா சினிமா, சாப்பாடு, பஸ் பயணம்னு மொக்கை போடுற நான் இன்னிக்கு எடை தூக்குறதைப் பத்தி எழுதப் போறேன். ஜிம் பக்கமே போகாதவங்களும் பயப்படாம படிக்கலாம். படியேறுற, குதிக்கிற, ஓடிப் போய் பஸ் பிடிக்கிற எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு.

முதல்ல ஒரு சின்ன சோதனை. (முட்டி வலி இருக்கிறவங்க இதைப் படிச்சுட்டு மட்டும் போங்க.) சுவர் ஓரமா நின்னு, பாதி உக்காந்த நிலையில மூணு விநாடி அப்படியே அசையாம இருங்க. அப்புறம் அங்கிருந்து நேரா மேலே குதிச்சு, சாக்பீஸால சுவத்துல ஒரு கோடு போடுங்க. ரெண்டாவது தடவை, நின்ன நிலையிலிருந்து சட்டுனு கீழே போய் அதே வேகத்துல மேலே குதிங்க. ரெண்டாவது கோடு கொஞ்சம் மேலே இருக்கும். எனக்கு நாலு விரற்கடை வித்தியாசம் வந்துச்சு. அதே கால், அதே ஆள், அதே காலைச் சாப்பாடு. அப்புறம் இந்த நாலு விரற்கடை எங்கிருந்து வந்துச்சு?

புலி பதுங்குறது பாயத்தான்னு சும்மாவா சொன்னாங்க :-)

தசை சட்டுனு இழுபட்டா, அது தானாவே சுருங்கப் பார்க்கும். இதுக்குப் பேர்தான் ஸ்ட்ரெட்ச் ரிஃப்ளெக்ஸ். பள்ளிக்கூடத்துல 'அனிச்சைச் செயல்'னு படிச்சோமே, அந்த வகை. டாக்டர் சின்ன ரப்பர் சுத்தியலால முட்டிக்குக் கீழே தட்டினா கால் தானா உதறுதே, அதேதான். 1875ல் ஜெர்மனியில வில்ஹெல்ம் எர்ப், கார்ல் வெஸ்ட்ஃபால்னு ரெண்டு டாக்டருங்க தனித்தனியா இதை எழுதி வெச்சாங்க. 1924ல் இங்கிலாந்துல லிடெல், ஷெரிங்டன்னு ரெண்டு பேர் பூனையோட தசையைச் சில மில்லிமீட்டர் இழுத்துப் பார்த்து, தசை திருப்பி இழுக்கிறதை அளந்து காட்டினாங்க. ஷெரிங்டனுக்கு 1932ல் நோபல் பரிசே கிடைச்சுது.

நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா இது ஒரு ஹார்டுவேர் இன்டரப்ட். தசைக்குள்ளேயே 'மசில் ஸ்பிண்டில்'னு குட்டிக் குட்டி சென்சாருங்க இருக்கு. தசை எவ்வளவு நீளுது, எவ்வளவு வேகமா நீளுதுன்னு ரெண்டையும் அதுங்க கவனிக்கும். வேகமா நீண்டா தண்டுவடத்துக்குத் தகவல் போகும். அங்கேயே ஒரே ஒரு இணைப்பைத் தாண்டி, 'சுருங்கு'ன்னு ஆர்டர் திரும்பி வந்துடும். மேலிடத்து அனுமதிக்காக மூளை வரைக்கும் ஃபைல் போறதில்ல. முட்டித் தட்டலுக்கு மொத்தமா 20 மில்லிசெகண்ட் சொச்சம்தான் ஆகும். நாமளா யோசிச்சு காலை அசைக்கணும்னா அதைப் போல பல மடங்கு நேரம் வேணும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிடுறேன். ஜிம்முல 'ஸ்ட்ரெட்ச் ரிஃப்ளெக்ஸ்'னு சொல்றப்ப மூணு சமாச்சாரத்தை ஒரே மூட்டையா கட்டிடுறாங்க. ஒண்ணு, மேலே சொன்ன அனிச்சை. ரெண்டு, தசைநாண் ரப்பர் மாதிரி நீண்டு சக்தியைச் சேர்த்து வெச்சுத் திருப்பிக் கொடுக்கிறது. மூணு, கீழே இறங்குறப்பவே தசை முறுக்கேறி ரெடியா இருக்கிறது. குதிக்கிற விஷயத்துல இந்த மூணாவதுக்குத்தான் பெரிய பங்குன்னு 1990கள்லயே ஆராய்ச்சியாளருங்க வாதாடினாங்க. எதுக்கு எவ்வளவு பங்குங்கிற பஞ்சாயத்து இன்னும் முடியல. நமக்கு முக்கியமானது வேற: இந்த மூணுமே கீழே போன உடனே மேலே திரும்பினாத்தான் முழுசா கிடைக்கும். பெஞ்ச் பிரஸ்ல பாரை நெஞ்சுக்கிட்ட நிறுத்தி நிறுத்திப் பார்த்த 1991 ஆய்வு ஒண்ணு இருக்கு. ஒரு விநாடி நிறுத்தினாலே அந்த லாபத்துல பாதிக்கு மேல காலின்னு அதுல தெரிஞ்சுது.

பவர்லிஃப்டிங் போட்டி விதியை இப்ப யோசிச்சுப் பாருங்க. பெஞ்ச் பிரஸ்ல பார் நெஞ்சுமேல அசையாம நின்ன பிறகுதான் நடுவர் 'பிரஸ்'னு குரல் கொடுப்பார். அதாவது, இந்தக் கடன் வாங்கின சக்தியில பெரும்பகுதியைப் பிடுங்கி வெச்சுட்டு, 'இப்ப உன் சொந்தக் காசைக் காட்டு'ங்கிறாங்க. ஜிம்முல பாரை நெஞ்சுல மோதி எகிற வைச்சு 100 கிலோ தூக்குறவர், போட்டி மேடையில 80க்கே திணறுறது இதனாலதான். டெட்லிஃப்ட்ல முதல் ரெப் மட்டும் ஏன் மலையா கனக்குதுங்கிறதுக்கும் காரணம் கிட்டத்தட்ட இதேதான். அது தரையிலிருந்து ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடி பதுங்கலே இல்ல.

ஒலிம்பிக் எடைதூக்குதல்ல கதை தலைகீழ். அங்க பதுங்கல்தான் கலையே. நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில 77 கிலோ பிரிவுல ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். எந்த எடைதூக்குறவரோட ஜெர்க்கையாவது வீடியோவுல பாருங்க. பார் தோள்மேல இருக்கும். முட்டியைக் கொஞ்சமே மடக்கி, ஒரு நொடி கூட தங்காம, நேரா மேலே. அந்தக் குட்டிப் பதுங்கல் இல்லாட்டி பார் தலைக்கு மேல போகாது.

ஆனா அதே பதுங்கல்ல என்ன ஆகும்ங்கிறதுக்கும் பதிவு இருக்கு. உலகத் தரத்துல இருந்த ஒரு எடைதூக்குற வீரர் போட்டியில 175 கிலோவை ஜெர்க் பண்றப்ப அவரோட முட்டிக்குக் கீழே இருக்கிற தசைநாண் அறுந்துடுச்சு. அது தற்செயலா படம் பிடிக்கப்பட்டுச்சு. 1977ல் வந்த ஆய்வுக் கட்டுரையில அந்தப் படத்தை வெச்சுக் கணக்குப் போட்டாங்க. அறுந்த நேரத்துல அந்த நாண்மேல இருந்த இழுவிசை அவரோட உடல் எடையைப் போல 17 மடங்குக்கும் மேல! இது ரொம்ப அபூர்வம்தான். ஆனா திரும்புற அந்தக் கணத்துல நாண்மேல என்ன பாரம் விழுதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நிற்க. இந்தப் பதிவு எழுதக் காரணமே ஒரு தம்பிதான்.

எங்க ஜிம்முக்கு வர்ற பையன். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். பகல்ல சாப்பாடு டெலிவரி, ராத்திரி படிப்பு. கான்ஸ்டபிள் எழுத்துத் தேர்வு எழுதி முடிச்சுட்டு உடல்தகுதித் தேர்வுக்காகத் தயாராகிட்டு இருந்தார். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள ஓடணும், கயிறு ஏறணும், தாண்டணும். வயசு வரம்பு நெருங்குது, வீட்டுல ரெண்டு தங்கச்சிங்க. அவருக்கு அந்தத் தேர்வு என்னங்கிறது உங்களுக்கே புரியும்.

80 கிலோவைத் தோள்ல வெச்சுக்கிட்டு, கிணத்துல கல்லு போட்ட மாதிரி தொப்புனு உக்காருவார். கெண்டைக்கால்ல தொடை மோதி எகிறும். குதிகால் தரையை விட்டுத் தூக்கும், முட்டி ரெண்டும் உள்ளே சாயும். பின்னாடி மாஸ்டர், "அப்படித்தான்! எகிறு! எகிறு!" ரெண்டு வாரத்துல முட்டிச்சில்லுக்குக் கீழே வலி. மூணாவது மாடிக்கு டெலிவரின்னா ஒவ்வொரு படியிலயும் தெரியும்னார்.

ஒருநாள் தண்ணி குடிக்கிற இடத்துல கேட்டார்: "அண்ணா, வேகமா இறங்கினா ஈஸியா ஏறுதுல்ல. அப்ப அது தப்பா, சரியா? மாஸ்டர் எகிறச் சொல்றார், யூடியூப்ல கூடாதுங்கிறான்."

எவ்வளவு நல்ல கேள்வி பாருங்க! ரெண்டு பேருமே பாதி உண்மையைச் சொல்றாங்க. நீளம் தாண்டுறதுக்கு அவருக்கு இதே அனிச்சை கண்டிப்பா வேணும், பலகையில கால் விழுந்து எழும்புற அந்தக் கணம் முழுக்க இதுதான். அதனால 'எகிறவே கூடாது'ன்னு சொல்லவும் முடியாது. முதல்ல ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட அனுப்பினேன். நாண்ல அழற்சி மாதிரி, கிழிசல் எதுவும் இல்ல, பாரத்தைக் குறைச்சு மெதுவாப் பண்ணச் சொல்லிட்டார். 40 கிலோவுக்கு இறங்கினோம். மூணு விநாடி இறங்கி, கீழே ரெண்டு விநாடி நின்னு, அப்புறம் எழுந்திருக்கணும்.

கேக்க சுலபம். 80 போட்ட பையன் எல்லார் முன்னாடியும் 40 போடுறது எவ்வளவு கஷ்டம்னு ஜிம்முக்குப் போறவங்களுக்குத் தெரியும். "என்னடா, டயட்டா?"ன்னு பக்கத்துல சிரிச்சாங்க. மாஸ்டருக்கு என்மேல கோபம், "கம்ப்யூட்டர் சார் வந்து கோச் ஆயிட்டாரு"ன்னு. தம்பி ஒண்ணும் பேசல. எண்ணிக்கிட்டே இறங்கினார்.

அவருக்குச் சொன்னதையும், அவர்கூடச் சேர்ந்து நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் கீழே தர்றேன்.

1. நிக்கத் தெரிஞ்ச இடத்துல மட்டும்தான் எகிறலாம். எந்த எடையைக் கீழே ரெண்டு விநாடி ஆடாம நிறுத்த முடியுதோ, அந்த எடையில மட்டும் நிறுத்தாமத் திரும்பிப் பாருங்க. நிறுத்தவே முடியாத எடையில எகிறுறது கடன் அட்டையில கடன் அடைக்கிற கதை.

2. விழக் கூடாது, இறங்கணும். முக்கால்வாசி தூரம் நிதானம். கடைசிக் கால்வாசியில கொஞ்சம் வேகம். வயிறு இறுக்கம், முதுகு நேர், பாதம் முழுசும் தரையில. தசை முறுக்கா இருந்தாத்தான் ஸ்பிரிங். தளர்ந்து விழுந்தா அந்த பாரத்தை மூட்டும் நாணும்தான் வாங்கணும்.

3. எகிறுறது தசையிலிருந்து வரணும். நெஞ்செலும்பு டிராம்போலின் இல்ல. டெட்லிஃப்ட்ல ரப்பர் பிளேட் தரையில மோதி எகிறுறதும் உங்க பலம் இல்ல, ரப்பரோட பலம்.

4. கர்ல் அடிக்கிறப்பக் கையை முழுசா நீட்டி, கீழே உதறித் தூக்கவே வேண்டாம். முழங்கைகிட்ட பைசெப்ஸ் நாண் அறுந்து வர்றவங்கள்ல நிறையப் பேருக்கு அது பாரத்தோட கை வலுக்கட்டாயமா நீளுறப்பத்தான் நடக்குது. நாப்பதைத் தாண்டின அண்ணன்மார்களே, கவனம்.

5. தசை சில வாரத்துல பலமாகும். நாண் தயாராக மாசக்கணக்கு ஆகும். புதுசா வந்தவங்க 'எனக்குத்தான் பலம் வந்துடுச்சே'ன்னு நினைக்கிற அந்த மூணாவது மாசம்தான் வம்பு.

6. களைச்சுப் போன கடைசி ரெப்ல எகிறல் கூடாது. ராக்ல குறுக்குக் கம்பியைச் சரியான உயரத்துல மாட்டுங்க. பெஞ்ச்னா பின்னாடி ஒரு ஆளை நிறுத்துங்க. சுரீர்னு வலிச்சா அன்னிக்குக் கடையைச் சாத்துங்க.

7. உடம்பை நீட்டி வளைக்கிறப்ப (ஸ்ட்ரெச்சிங்) குலுக்கிக் குலுக்கிப் பண்ணாதீங்க. தசை தளரணும்னு நீங்க நினைக்க, இதே அனிச்சை அதைச் சுருக்கப் பார்க்கும்.

இன்னொண்ணு. 'பாரம் அதிகமானா உடம்பே ஃபியூஸ் மாதிரி கட் பண்ணிடும், தசைநாண்ல கோல்கி உறுப்புன்னு ஒண்ணு அதுக்குத்தான் இருக்கு'ன்னு ஜிம்முல ஒரு பேச்சு உண்டு. பழைய புத்தகங்கள்லயும் இருந்துச்சு. ஆனா அந்த உறுப்பு கொஞ்ச பாரத்துக்கே சிக்னல் கொடுக்கிற, எப்பவும் ஓடிட்டே இருக்கிற ஒரு அளவு மீட்டர்னுதான் பின்னாடி தெரிய வந்துச்சு. அதை நம்பி எடை ஏத்தாதீங்க. ஃபியூஸ் நம்ம புத்திதான்.

நம்ம ஊர் தண்டால், பஸ்கியிலயும் வேகம் உண்டே, தாத்தா நூத்துக்கணக்குல எடுத்தாரேன்னு கேப்பீங்க. உண்டு. ஆனா அங்க பாரம் நம்ம உடம்பு மட்டும்தான். அதுவும் சின்ன வயசுலேர்ந்து பத்து, இருபதுன்னு ஏத்தினது. 80 கிலோவைத் தோள்ல வெச்சுக்கிட்டு அந்தத் தாளத்துல ஆட முடியாது.

தம்பிக்கு ஆறு வாரத்துல படியேறுற வலி போச்சு. அப்புறம்தான் குதிக்கவே விட்டோம். முதல்ல இடத்துலேயே சின்னக் குதி, அப்புறம் தாண்டல். ஸ்குவாட் 60ல் நின்னுச்சு, 80க்குத் திரும்பவே இல்ல, அதுக்குத் தேவையும் வரல. போன மாசம் தேர்வு. ஓட்டம், கயிறு, தாண்டல் மூணும் முடிச்சுட்டார். எழுத்துத் தேர்வு மார்க்கோட சேர்த்து வரப் போற பட்டியலுக்காகக் காத்திருக்கார். இப்ப ஜிம்முல புதுசா ஒரு பையன் தொப்புனு உக்காந்தா, நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி அவர் போய் நிக்கிறார். "தம்பி, மூணு எண்ணு."

மாஸ்டர் இன்னும் என்கிட்ட சரியாப் பேசுறதில்ல. பரவாயில்ல :-)

உங்க ஊர் ஜிம்முல எப்படி? எகிறச் சொல்றாங்களா, எண்ணச் சொல்றாங்களா? சாக்பீஸ் சோதனையில எத்தனை விரற்கடை வந்துச்சுன்னும் சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்ல, கோச்சும் இல்ல. இன்ஜினியரிங் படிச்சுட்டு பொட்டி தட்டுற ஆள். வலி இருந்தா இந்தப் பதிவை மூடிட்டு, அதுக்குன்னு படிச்சவங்களைப் போய்ப் பாருங்க.