யாரை நம்புவது?

சூசன்னா கேசன் எழுதிய ‘கேர்ள், இன்டரப்டட்’ 1993இல் வெளிவந்தது. 1967இல், பதினெட்டாவது வயதில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மெக்லீன் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை அங்கே கழித்தார். பிற்காலத்தில் வழக்கறிஞர் ஒருவரின் உதவியோடு தம் மருத்துவக் கோப்பைப் பெற்று, அதன் தாள்கள் சிலவற்றை நூலிலேயே இடம்பெறச் செய்தார். இன்று ‘எல்லைநிலை ஆளுமைக் கோளாறு’ எனப்படும் நோயின் பெயர் அக்கோப்பில் இருந்தது.

மருத்துவமனைக்கு அனுப்பிய மருத்துவர் தம்மோடு எவ்வளவு நேரம் பேசினார் என்ற கேள்விக்காக நூலின் ஓர் அத்தியாயம் முழுவதையும் கேசன் ஒதுக்குகிறார். மருத்துவர் கணக்கு மூன்று மணி நேரம். அவர் நினைவில் இருப்பதோ அரைமணிக்கும் குறைவு. அனுமதித் தாள்களில் குறிக்கப்பட்ட நேரங்களைச் சாட்சிக்கு அழைத்து வாதிடுகிறார். படிப்பவர் தம்மை அறியாமலே நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார்.

இந்நோயோடு வாழ்ந்தவர்களின் தன்வரலாறுகள் அனைத்தும் இந்த நாற்காலியைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. கேசனின் நிதானமான, சற்றே எள்ளல் கலந்த நடையைக் கண்டு, “இவருக்கு உண்மையில் நோயே இல்லை” என்போர் உண்டு. புனைபெயரில் எழுதிய ரேச்சல் ரைலண்ட், 2004இல் வெளியான தம் நூலில், கணவர்மீதும் குழந்தைகள்முன்பும் வெடித்த சினத்தை ஒளிக்காமல் பதிந்தார். அங்கே வாசகரின் குறை வேறு: “இவரைச் சகிக்க முடியவில்லை.” அமைதியாக எழுதினால் நோய் பொய்யாகிறது, கொந்தளிப்போடு எழுதினால் எழுத்தே நோய்க்குறியாகிறது. தமது எதிர்பார்ப்பின் அளவுக்குள் நோய் அடங்கியிருக்க வேண்டும் என்றே இருசாராரும் விரும்புகின்றனர்.

குடும்பத்தாரின் வாசிப்பை இக்கணக்கில் சேர்த்தல் நியாயமன்று. இத்தகைய தாயிடமோ தந்தையிடமோ வளர்ந்த ஒருவர், “எங்கள் பக்கம் எங்கே?” என்று கேட்கும்போது, அக்கேள்விக்குப் பின்னால் பல்லாண்டு அச்சம் நிற்கிறது. தன்வரலாறு ஒருவரின் கண்வழியே மட்டும் பார்ப்பது. அதே வீட்டில் இருந்த மற்றவரின் காயத்தை அது பொய்யாக்குவதில்லை. இரண்டு சாட்சியங்களையும் ஒருசேர ஏற்க முடியும். ஆனால் வாசகர் பலரும் ஒன்றைக் கொண்டு மற்றதை அடிக்கவே முனைகின்றனர்.

மார்ஷா லைனஹன் இந்நோய்க்கென ‘டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி’ என்னும் சிகிச்சை முறையை உருவாக்கியவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். இளம்பருவத்தில் தாமும் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்ததை 2011இல் வெளிப்படையாகக் கூறினார்; தன்வரலாறு 2020இல் வந்தது. அவர் கூறியதை ஐயுறுவோர் அரிது. பேராசிரியருக்கு எளிதில் கிட்டும் நம்பிக்கை, பட்டமோ பதவியோ இல்லாத நோயாளிக்கு ஏன் கிட்டுவதில்லை?

விடையின் ஒரு பகுதி மொழியில் இருக்கிறது. ‘பார்டர்லைன்’ என்ற சொல் ஆங்கிலத்தில் நோயைக் குறிப்பதோடு நின்றுவிடவில்லை, நோயுற்றவரையே குறிக்கும் பெயர்ச்சொல்லாயிற்று. தமிழர் இதில் வியக்க ஏதுமில்லை. ‘பைத்தியம்’ என்பது நம்மிடமும் நோயின் பெயர், ஆளின் பெயர் இரண்டுமாகும். காய்ச்சல் வந்தவரைக் ‘காய்ச்சல்’ என்று எவரும் அழைப்பதில்லை. மனம் நோயுற்றவரை மட்டும் நோயாகவே அழைக்கிறோம். பிறகு அவர் பேசுவதெல்லாம் நோயின் பேச்சாகவே காதில் விழுகிறது.

இந்நூல்களைப் படிப்போருள் அதே நோய்ப்பெயரைச் சுமப்பவரும் இருக்கிறார். அவர் நூலோடு நிறுத்துவதில்லை. பிறர் அதைப் பற்றிச் சொல்வதையும் கேட்கிறார். நாளை தாம் வாய்திறந்தால் தமக்கு என்ன நேரும் என்பதை அவர் அங்கிருந்தே அறிந்துகொள்கிறார். கேசனைப் பற்றியோ ரைலண்டைப் பற்றியோ அலட்சியமாகச் சொல்லப்படும் ஒரு வரி அவ்விருவரையும் சென்றடையாமல் போகலாம். அருகில் அமர்ந்திருப்பவரை அது உடனே சென்றடைந்துவிடும்.